11.40 லட்சம் சி.டி.சி. என்றால் கையில் எவ்வளவு வரும்? குடும்பத்தோடு கோவையிலிருந்து சென்னைக்கு மாறலாமா?

சிங்காநல்லூர்வாசி | 11 ஜூன் 2025, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். பல வருஷமாக இங்கே படிப்பவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 30. கோவையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, கையில் வருவது 52,000. மனைவி, 14 மாதப் பெண் குழந்தை. இப்போது சென்னை சிறுசேரியில் ஒரு கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, ஆண்டுக்கு 11.40 லட்சம். மாதம் 95,000 ஆகிறது. வாடகை 20,000, வீட்டுச் செலவு 20,000, ஊரில் அப்பா அம்மாவுக்கு 8,000, கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோன் 7,800, வண்டிக் கடன் 3,400. எல்லாம் போக 35,800 நிற்கிறது. அதில் 12,000 இ.எம்.ஐ. போட்டு ஒரு பழைய கார் எடுக்கலாமா என்று யோசனை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கணக்கில் ஏதாவது விட்டிருக்கிறேனா?

ஓசூர்_ராத்திரி_ஷிப்ட் | 11 ஜூன், இரவு 10:58

சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, அதை அப்படியே 12-ஆல் வகுத்துவிட்டீர்கள். காரை முதலில் கணக்கிலிருந்து எடுங்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும், அதை அப்படியே இங்கே போடுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

சிங்காநல்லூர்வாசி | 11 ஜூன், இரவு 11:15

இருக்கிறது அண்ணா. ஆண்டுக் கணக்கில்:

அடிப்படைச் சம்பளம் 4,56,000
வீட்டு வாடகைப் படி 2,28,000
ஸ்பெஷல் அலவன்ஸ் 2,53,346
கம்பெனி பங்கு பி.எஃப். 54,720
கிராஜுவிட்டி 21,934
குரூப் இன்சூரன்ஸ் 12,000
வேரியபிள் பே 1,14,000

கூட்டினால் சரியாக 11,40,000 வருகிறது.

சம்பளப்பட்டியல் | 12 ஜூன், காலை 6:30

தம்பி, நான் 11 வருஷமாக சம்பளம் போடும் வேலையில்தான் இருக்கிறேன். மாசக் கடைசியில் எங்கள் டேபிளுக்கு வரும் புதுப் பையன்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான் இது. சேர்ந்த பிறகு கேட்பார்கள், நீங்கள் முன்னால் கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷம்.

கீழிருந்து மேலே வருவோம். வேரியபிள் 1,14,000. இது மாதம் வருவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, கம்பெனி நிலவரத்தையும் உங்கள் ரேட்டிங்கையும் பார்த்துத் தருவார்கள். முழுதாக வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். குடும்பக் கணக்கில் இதைப் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

இன்சூரன்ஸ் 12,000 பிரீமியமாகப் போய்விடும். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, 21,934 என்பது அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம். ஐந்து வருஷம் இருந்தால்தான் கைக்கு வரும். கம்பெனி பங்கு பி.எஃப். 54,720 உங்கள் பணம்தான், ஆனால் பி.எஃப். கணக்குக்குப் போகும், பேங்க்குக்கு வராது.

மிச்சம் மூன்று வரிகள். மாதக் கணக்கில் 38,000 + 19,000 + 21,112 = 78,112. இதுதான் கிராஸ், பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம். இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம், 4,560 பிடிப்பார்கள். தொழில் வரி சென்னையில் அரையாண்டுக்கு 1,250. அதை மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள், வருஷத்தில் இரண்டு மாதம் சம்பளம் திடீரென்று 1,250 குறைந்து வரும், பயந்துவிடாதீர்கள். சராசரியாக மாதம் 208 என்று வைப்போம்.

78,112 − 4,560 − 208 = 73,344.

95,000 அல்ல, 73,300. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட நம்பிச் செலவு எழுதாதீர்கள்.

சிங்காநல்லூர்வாசி | 12 ஜூன், காலை 9:05

தலை சுற்றுகிறது. இன்கம்டாக்ஸ் இதற்கு அப்புறமா?

சம்பளப்பட்டியல் | 12 ஜூன், காலை 9:20

டாக்ஸ் இல்லை. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை 87ஏ பிரிவுத் தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிடும். சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 தனி. ஆக 12.75 லட்சம் வரை கவலையில்லை. உங்கள் கிராஸ் வருஷத்துக்கு 9,37,344. வேரியபிள் முழுசாக வந்தாலும் 10,51,344.

வரிவழக்கு | 12 ஜூன், காலை 11:40

பழைய முறையையும் போட்டுப் பார்க்க வேண்டாமா? வாடகைப் படி இருக்கிறது, 80சி (முதலீடுகளுக்கான வரிக் கழிவு) இருக்கிறது. சென்னையென்றால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை வாடகைக் கழிவு எடுக்கலாம், கோவைக்கு 40தான்.

சம்பளப்பட்டியல் | 12 ஜூன், மதியம் 12:10

பூஜ்யத்துக்குக் கீழே எங்கே போவது? இந்தச் சம்பளத்துக்குப் பழைய முறை பேச்சே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 80சி-க்காக என்று சொல்லி மார்ச் மாதம் ஒரு உறவினர் பாலிசி ஃபாரத்தோடு வீட்டுக்கு வருவார். புதிய முறையில் 80சி கிடையாது, காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மாதவரம்_மகேந்திரா | 12 ஜூன், மதியம் 1:30

வருஷத்தின் நடுவில் கம்பெனி மாறுகிறவர்கள் என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். போன வருஷம் செப்டம்பரில் மாறினேன். பழைய இடத்திலும் வரி பிடிக்கவில்லை, புது இடத்திலும் பிடிக்கவில்லை. நானும் மகிழ்ச்சியாக இருந்தேன். இப்போது இரண்டு கம்பெனியும் தந்த ஃபார்ம் 16-ஐயும் (வருஷச் சம்பளம், பிடித்த வரிக்கான சான்றிதழ்) சேர்த்து வைத்துப் பார்த்தால் மொத்தம் 8.60 லட்சம். போன நிதியாண்டில் எல்லை 7 லட்சம்தானே, நிலைக்கழிவு போகவும் 7.85 லட்சம் நிற்கிறது. வரி 28,500, செஸ் சேர்த்து 29,640, வட்டி தனி. இரண்டு கம்பெனியும் அவரவர் கொடுத்த சம்பளத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தப்பு என் பேரிலும் உண்டு. சேரும்போது பழைய சம்பள விவரத்தை 12பி படிவத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும். ரிட்டர்ன் தாக்கலுக்கு இந்தத் தடவை செப்டம்பர் 15 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் புரட்ட வேண்டும். சிங்காநல்லூர்வாசிக்குக் கூட்டுத்தொகை 12.75-ஐத் தாண்டாது, ஆனாலும் 12பி கொடுத்துவிடுங்கள் தம்பி.

பழைய பி.எஃப்.-ஐ எடுத்துச் செலவு செய்யாதீர்கள், அதே யு.ஏ.என். எண்ணுக்கு (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வருஷ சர்வீஸுக்கு முன்னால் எடுத்தால் அதற்கும் வரி உண்டு.

பெருங்களத்தூர்_அக்கா | 12 ஜூன், மாலை 4:15

சம்பளம் பேசியாச்சு, சென்னைச் செலவைப் பேசுவோம். நான் மதுரையிலிருந்து 2021-இல் இங்கே வந்தேன், அப்போது என் மகனுக்கு ஒரு வயது.

சிறுசேரி என்றால் நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் பார்ப்பீர்கள். அடுக்குமாடியாக இருந்தால் வாடகைக்கு மேல் மெயின்டனன்ஸ் என்று ஒன்று நிற்கும். லாரித் தண்ணீர் வாங்கும் இடமென்றால் கோடையில் அது இன்னும் ஏறும். எங்கள் பக்கம் இரண்டு பெட்ரூம் 16,000-க்குக் கிடைக்கிறது, வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் வண்டியில் போய்விடலாம். மெயின்டனன்ஸும் தண்ணீரும் 1,500.

கரண்ட் மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நான் முதலில் இருந்த வீட்டில் ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் அவருக்குத்தான், எனக்கு இல்லை. சொந்த மீட்டர் இருந்தாலும் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஏ.சி. போட்டால் மே மாதம் தாண்டிவிடும், குழந்தை இருக்கும் வீட்டில் போடாமலும் இருக்க முடியாது.

அட்வான்ஸ்: 2017-ஆம் வருஷ வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நான் ஐந்து மாதம் கொடுத்தேன். சட்டம் பேசினால் "வேற வீடு பாருங்கம்மா" என்பார்கள். 16,000 வாடகை என்றால் அட்வான்ஸ் 80,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 16,000, கோவையிலிருந்து சாமான் லாரிக்கு 22,000 வையுங்கள். முதல் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் 1,18,000 போய்விடும். அது கையில் இருக்கிறதா?

சிங்காநல்லூர்வாசி | 12 ஜூன், மாலை 6:50

சேமிப்பு 70,000 இருக்கிறது அக்கா. ஏலச்சீட்டு ஒன்று போகிறது, தள்ளி எடுத்தால் கொஞ்சம் வரும்.

பெருங்களத்தூர்_அக்கா | 12 ஜூன், மாலை 7:02

அவசரத்துக்குச் சீட்டைத் தள்ளி எடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அப்புறம், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

சிங்காநல்லூர்வாசி | 12 ஜூன், மாலை 7:10

மனைவி வேலையை விட்டுவிடுவார். அதனால் டே-கேர் செலவு இல்லை.

ஓசூர்_ராத்திரி_ஷிப்ட் | 12 ஜூன், இரவு 8:00

ஒரு நிமிஷம். மனைவி வேலைக்குப் போகிறாரா? இதை முதல் பதிவில் சொல்லவே இல்லையே!

கடலூர்_அப்புனு | 12 ஜூன், இரவு 9:25

பி.எஃப். பற்றி ஒரு யோசனை. சட்டப்படி பி.எஃப். சம்பள உச்சவரம்பு 15,000தான், அதில் 12 சதவீதம் 1,800. சில கம்பெனிகளில் சேரும்போதே "முழு அடிப்படைச் சம்பளத்துக்கா, 1,800-ஆ" என்று கேட்பார்கள். 1,800 போட்டால் உங்கள் பங்கில் 2,760 மிச்சம், கம்பெனி பங்கில் மிச்சமாகும் 2,760-ஐயும் அலவன்ஸில் சேர்த்துவிடுவார்கள். மாதம் 5,520 கூடும், 78,864 கையில் வரும். எச்.ஆரிடம் கேளுங்கள்.

தஞ்சாவூர்_தலையாட்டி | 12 ஜூன், இரவு 9:50

எனக்கு இதில் உடன்பாடில்லை. 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். பேங்க்கில் எங்கே கிடைக்கிறது? கைக்கு வந்த 5,520-ஐ யாராவது தனியாக எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்விகியும் ஸொமாட்டோவும் எடுத்துக்கொள்ளும். கண்ணில் படாத பணம்தான் சேரும்.

கடலூர்_அப்புனு | 12 ஜூன், இரவு 10:05

கண்ணில் படாத பணம் சேரும், சரி. ஆனால் பர்சனல் லோன் 14, 15 சதவீத வட்டியில் ஓடும்போது 8.25-க்குச் சேர்ப்பது என்ன கணக்கு? லோன் முடியும்வரை 1,800, அப்புறம் வி.பி.எஃப். (நாமாக விரும்பிக் கூடுதலாகக் கட்டும் பி.எஃப்.) என்று எழுதிக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

சம்பளப்பட்டியல் | 12 ஜூன், இரவு 10:30

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சேர்ந்தபின் மாற்றித் தரமாட்டேன் என்று சொல்லும் கம்பெனிகள்தான் அதிகம், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நான் லோன் கட்டி முடியும்வரை அப்புனு கட்சி.

பாப்பாவின்_அம்மா | 13 ஜூன், காலை 7:12

வணக்கம். முதல் பதிவு எழுதியவரின் மனைவி நான். லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு அவர் குளிக்கப் போயிருக்கிறார், மேலிருந்து கீழே வரைக்கும் படித்துவிட்டேன். இவ்வளவு பேர் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டிருக்கிறீர்கள், நன்றி. என் வரியை மட்டும் காணோம்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன், கையில் 22,000. அவர் 52,000, நான் 22,000, மொத்தம் 74,000. சென்னைக்குப் போனால் அவருக்கு 73,300, எனக்கு ஒன்றுமில்லை. சம்பளப்பட்டியல் அண்ணன் கணக்குச் சரியென்றால் நாங்கள் 500 கிலோமீட்டர் தள்ளிப் போய் 700 ரூபாய் குறைவாகச் சம்பாதிக்கப் போகிறோம்.

இன்னும் எழுதுகிறேன். இங்கே வாடகை 9,500, மெயின்டனன்ஸ் கிடையாது. பாப்பாவை ஒண்டிப்புதூரில் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். அவருக்கு நாங்கள் பணம் தருவதில்லை, மாதம் ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போடுவதோடு சரி. நான் டவுன் பஸ்ஸில் போகிறேன், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தடுப்பூசி எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டோம். ரேஷனில் துவரம் பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், ஒரு மாதம்கூட விட்டதில்லை. இதெல்லாம் அவர் ஷீட்டில் எங்கேயும் இல்லை, ஏனென்றால் இதற்கெல்லாம் பணம் போகவில்லை. சென்னைக்குப் போனால் என் அம்மாவுக்கு டே-கேர் என்று பெயர் வந்துவிடும்.

இன்னொன்று. நான் சேர்ந்து நான்கு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. இப்போது விட்டால் கிராஜுவிட்டி போச்சு. அடிப்படைச் சம்பளம் 14,000. மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், ஐந்து வருஷம் என்று போட்டால் 40,385 வருகிறது. அவர் குளித்துவிட்டு வந்துவிட்டார்.

ஓசூர்_ராத்திரி_ஷிப்ட் | 13 ஜூன், காலை 7:40

இந்த இழையை இங்கேயே முடித்துவிடலாம்.

சம்பளப்பட்டியல் | 13 ஜூன், காலை 8:15

தங்கச்சி, எனக்கு வேலை வேண்டுமென்றால் உங்களிடம்தான் வருவேன். ஒரு சின்னத் தகவல்: நான்கு வருஷம் முடித்து ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. முழு ஐந்து காத்திருக்க வேண்டாம். கம்பெனி முரண்டு பிடிக்கலாம், அதனால் முடிந்தால் ஐந்தைத் தொட்டுவிடுங்கள்.

சிங்காநல்லூர்வாசி | 13 ஜூன், காலை 10:30

வீட்டில் இன்று காபி கொஞ்சம் லேட்டாகத்தான் வந்தது. தப்பு என்னுடையதுதான். நான் வேலையை விடச் சொல்லவில்லை, விடுவார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அது அதைவிட மோசம் என்கிறார்.

சரி, 73,300 வைத்து இருவரும் உட்கார்ந்து மறுபடி போடுகிறோம். மாலையில் போடுகிறேன்.

பாளையங்கோட்டை_சித்தப்பா | 13 ஜூன், மதியம் 2:00

போடும்போது வருஷத்துக்கு ஒரு தடவை வரும் செலவுகளை விட்டுவிடாதே மக்கா. சம்பளம் மாசா மாசம் வருகிறது, செலவு அப்படியா வருகிறது? எனக்கு முதல் ஐந்து வருஷம் ஒவ்வொரு ஐப்பசியிலும் நகை அடகுக் கடைக்குப் போகும், தையில் வரும். தீபாவளி எந்த மாதம் வரும் என்று தெரியாமலா போனேன்? தெரியும், ஆனால் எழுதி வைக்கவில்லை.

தீபாவளி, பொங்கல், வண்டி இன்சூரன்ஸ், மெடிக்கல் பிரீமியம், பிள்ளைக்குக் காதுகுத்து, மொய். மொய் நோட்டை எடுத்துப் பார். உன் கல்யாணத்துக்கு 500 எழுதியவர் வீட்டில் விசேஷம் வந்தால் நீ 1,000 எழுத வேண்டும். அது கடன். பேங்க் கடன்போல் தேதி சொல்லிக்கொண்டு வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிங்காநல்லூர்வாசி | 13 ஜூன், இரவு 9:35

இருவரும் சேர்ந்து போட்டது. ஆண்டுச் செலவு முதலில்: தீபாவளி (துணி, ஊர்ப் பயணம் எல்லாம்) 21,000, பொங்கல் 6,000, மொய் 15,000, காதுகுத்து 40,000, குடும்ப மெடிக்கல் பாலிசி 19,000, டெர்ம் இன்சூரன்ஸ் 11,000, வண்டி 5,000, அடுத்த ஜூனில் பிளே ஸ்கூல் 30,000. மொத்தம் 1,47,000. மாதத்துக்கு 12,250. இந்த வரியைப் பார்த்ததும் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த ஊரிலேயே இதற்கென்று நாங்கள் ஒரு ரூபாய் எடுத்து வைப்பதில்லை.

சென்னை மாதக் கணக்கு: வாடகை 16,000, மெயின்டனன்ஸும் தண்ணீரும் 1,500, கரண்ட் 1,200, கேஸ் 900, பால் 1,400, மளிகை, காய், கறி 11,000, டயப்பர் வகையறா 3,000, போன், நெட் 1,300, பெட்ரோல் 2,500, அப்பா அம்மா 8,000, லோன் 7,800, வண்டிக் கடன் 3,400. அதோடு 12,250. கூட்டினால் 70,250.

மிச்சம் 3,050. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனால் போச்சு. கார் என்று நான் எழுதியதை யாரும் இனி ஞாபகப்படுத்த வேண்டாம்.

மாதவரம்_மகேந்திரா | 13 ஜூன், இரவு 9:50

அப்பா அம்மாவுக்குக் கம்பெனி இன்சூரன்ஸில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெற்றோரைச் சேர்த்தால் அந்த பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் கம்பெனிகள் உண்டு, அட்டவணையில் காட்ட மாட்டார்கள். ஊரில் அவர்களுக்குத் தனி ரேஷன் கார்டும் ஆண்டு வருமானம் 1,20,000-க்குக் கீழேயும் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வரிவழக்கு | 13 ஜூன், இரவு 10:20

எல்லோரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்திவிட்டீர்கள். சென்னையில் மூன்று வருஷம் இருந்தால் அடுத்த மாற்றத்தில் 18, 20 லட்சம் போவார். அவர் மனைவிக்கும் இங்கே அக்கவுன்ட்ஸ் வேலை 25,000-க்குக் கிடைக்கும். இன்றைய 700 ரூபாயைப் பார்த்து முடிவெடுப்பதா?

பெருங்களத்தூர்_அக்கா | 13 ஜூன், இரவு 10:45

25,000 கிடைக்கும், டே-கேருக்கு 9,000 கொடுத்து, ரயில் ஏறி, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் லீவு போட்டு. நான் அப்படித்தான் இருந்தேன். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வருஷம் கழித்து வரும் சம்பளத்தை வைத்து இந்த மாத டயப்பர் வாங்க முடியாது. போவதென்றால் கையில் ஒன்றரை லட்சம் சேர்த்துவிட்டு, அவர் முதலில் தனியாக வந்து இரண்டு மாதம் பார்க்கட்டும்.

வரிவழக்கு சொல்வதில் ஒன்று சரி. கோவையிலேயே இருந்துவிட்டால் 52,000-இலேயே நின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது. போகாததற்கும் ஒரு விலை உண்டு, அதையும் எழுதிப் பாருங்கள்.

சிங்காநல்லூர்வாசி | 17 ஜூன், இரவு 8:20

எச்.ஆரிடம் பேசினேன். வேரியபிளில் பாதியை நிலைச் சம்பளமாக மாற்ற முடியுமா என்று கேட்டேன், பாலிசி இல்லை என்றார்கள். பி.எஃப். 1,800 வாய்ப்பும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வேலை தேடுவதை நிறுத்தவில்லை, இனி கோவைக்குள் மட்டும்.

சிங்காநல்லூர்வாசி | 4 ஜனவரி 2026, மாலை 5:30

ஆறு மாதம் கழித்து வருகிறேன், இழை திறந்திருப்பது நல்லதாகப் போயிற்று. அக்டோபரில் சரவணம்பட்டியில் வேலை கிடைத்தது. சி.டி.சி. 9.20 லட்சம். இந்தத் தடவை 12-ஆல் வகுக்கவில்லை. வேரியபிள் கிடையாது. அடிப்படைச் சம்பளம் 4,60,000, இரண்டு பங்கு பி.எஃப்.-உம் 1,800 கணக்கு, கிராஜுவிட்டி 22,126, இன்சூரன்ஸ் 8,000. மாத கிராஸ் 72,356. பி.எஃப்.-உம் தொழில் வரியும் பிடித்தது போக ஏறக்குறைய 70,300 கையில் வருகிறது.

11.40 லட்சத்துக்கு 73,300. 9.20 லட்சத்துக்கு 70,300. நண்பர்களிடம் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, ஆஃபர் லெட்டரைக் காட்டச் சொல்கிறார்கள்.

சம்பளப்பட்டியல் | 4 ஜனவரி, மாலை 6:15

வாழ்த்துகள் தம்பி. ஆனால் இந்தக் கணக்கிலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்த ஆஃபரில் இரண்டு பங்குமாக மாதம் 9,120 பி.எஃப்.-இல் சேர்ந்திருக்கும், இதில் 3,600தான். 5,520 குறைவு. அதை நீங்களாகச் சேர்க்கவில்லையென்றால் வயதான காலத்தில் தெரியும். லோன் எப்போது முடிகிறது?

நவம்பர் 21-லிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. மொத்தச் சம்பளத்தில் பாதியாவது "ஊதியம்" என்ற கணக்கில் வர வேண்டும். உங்களுக்கு அடிப்படைச் சம்பளமே 50 சதவீதம், அதனால் பெரிதாக ஆட்டம் இருக்காது. 40 சதவீதம் வைத்திருக்கும் கம்பெனிகளில் இனி அட்டவணை மாறும், புது ஆஃபர் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூர்வாசி | 4 ஜனவரி, மாலை 6:40

லோன் ஆகஸ்டில் முடிகிறது அண்ணா. அந்த 7,800-ஐ அப்படியே திருப்பிவிடுவதாக இருக்கிறோம். பாப்பா பெயரில் போஸ்ட் ஆபீஸில் செல்வமகள் கணக்கு திறந்து மாதம் 2,000 போட்டு வருகிறோம், வட்டி 8.2 சதவீதம். மெடிக்கல் பாலிசி புதுப்பிக்கும்போது ஒரு ஆச்சரியம்: செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லையே, 19,000 என்று எழுதி வைத்தது 16,100-ல் முடிந்தது. ஆண்டுச் செலவுக்குத் தனி பேங்க் கணக்கு வைத்து 12,250 முதல் தேதியே போகிறது. தீபாவளிக்கு முதல் முறையாகக் கடன் வாங்கவில்லை.

பாளையங்கோட்டை_சித்தப்பா | 4 ஜனவரி, இரவு 7:30

காதுகுத்து ஆச்சா? 40,000-க்குள் முடிந்ததா?

பாப்பாவின்_அம்மா | 4 ஜனவரி, இரவு 8:05

கார்த்திகையில் முடிந்தது சித்தப்பா. 40,000 போட்டோம், 63,000 ஆனது. என் தம்பி மடியில் உட்கார வைத்துக் குத்தினோம், தாய்மாமன் சீர் அவன் பொறுப்பு, அதைச் சேர்க்கவில்லை. 120 பேர் என்று சமையல்காரரிடம் சொன்னோம், 190 பேர் வந்தார்கள்.

மொய் 38,500 வந்தது. அவர் உடனே ஷீட்டைத் திறந்து 63,000-இலிருந்து கழித்து, செலவு 24,500தான், பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டோம் என்றார். நான் அந்த வரியை அழித்துவிட்டு 38,500-ஐ லோனுக்குக் கீழே எழுதினேன். முதல் தவணை இந்தத் தையிலேயே, உடுமலையில் ஒரு கல்யாணம். அவர்கள் 1,000 எழுதியிருக்கிறார்கள், நாங்கள் 2,000 எழுத வேண்டும்.